வீட்டு வாழைக்கு உரம்: அடுப்புச் சாம்பல் விட்டுப்போன இடத்தை நிரப்புவது எப்படி

எங்கள் பக்கத்தில் வீட்டு வாழைக்கு யாரும் இடம் தேடுவதில்லை. அடுக்களைத் தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் வாழை. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர் எல்லாம் ஒரு சின்ன ஓடையாகப் போய் நாலு மூடு (மரம்) வாழையின் காலடியில் சேரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எந்த வீட்டின் பின்புறம் போனாலும் இதைத்தான் பார்க்கலாம்.

அந்த வாழைகள் பெரும்பாலும் பார்க்க ஜோராக இருக்கும். இலை கரும்பச்சை, தண்டு தூண் மாதிரி. கல்யாணப் பந்தி அளவுக்கு இலை அறுக்கலாம். குலை மட்டும் தள்ளியபிறகு பார்த்தால் நாலு சீப்பு, விரல் மாதிரி காய். எங்கள் வீட்டுச் செவ்வாழை ஒன்று வீட்டு ஓட்டுக்கு மேலே வளர்ந்து நின்றது. வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். குலையை இறக்கிய அன்று அதைத் தூக்கி வர ஒரு கை போதுமாக இருந்தது.

அப்புறம் யோசித்ததில் புரிந்தது இதுதான். என் பாட்டி காலத்திலும் வாழை இதே ஓடையில்தான் நின்றது. ஆனால் பாட்டி தினமும் காலையில் அடுப்பை வழித்து, ஒரு முறம் சாம்பலை வாழை மூட்டில் கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். உரம் போடுகிறோம் என்ற நினைப்பெல்லாம் அவளுக்குக் கிடையாது, சாம்பலைத் தள்ள வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். தென்னை மட்டை, சிரட்டை, கொதும்பு (தென்னம்பாளை) எரிந்த சாம்பலில் நிறையச் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம். கேஸ் அடுப்பு வந்ததும் அது நின்றுபோயிற்று. ஓடைத் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) தினமும் கிடைக்கிறது, சாம்பல் சத்து கிடைப்பதில்லை. வீட்டு வாழைக்கு உரம் வைப்பதில் முக்கால் பங்கு வேலை இந்தக் குறையைச் சரிக்கட்டுவதுதான்.

வாழை கேட்கும் கணக்கு

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தோட்டக்கால் வாழைக்குச் சொல்லும் அளவு, ஒரு மூட்டுக்கு ஒரு வருடத்துக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 35 கிராம், சாம்பல் சத்து 330 கிராம். நேந்திரனுக்கு, அதாவது நம்ம ஏத்தனுக்கு, 150 : 90 : 300. முதல் கணக்கைப் பாருங்கள். தழையைப் போல மூன்று மடங்கு சாம்பல் சத்து. மணிச்சத்து பேருக்குக் கொஞ்சம். நெல்லுக்கும் காய்கறிக்கும் போட்டுப் பழகிய கை, வாழைக்கும் அதே போல அள்ளிப் போடுவதில்தான் தப்பு தொடங்குகிறது.

இதைக் கடைச் சரக்காக மாற்றினால் ஏத்தன் அல்லாத வாழைக்கு வருடத்துக்கு இவ்வளவு:

யூரியா 240 கிராம், சூப்பர் பாஸ்பேட் 220 கிராம், பொட்டாஷ் 550 கிராம்.

ஏத்தனுக்கு யூரியா 325 கிராம், சூப்பர் பாஸ்பேட் 560 கிராம், பொட்டாஷ் 500 கிராம். (யூரியாவில் நூற்றுக்கு 46 தழைச்சத்து, சூப்பர் பாஸ்பேட்டில் 16 மணிச்சத்து, சிவப்பு பொட்டாஷில் 60 சாம்பல் சத்து என்று வைத்துப் போட்ட கணக்கு.)

ஓடைத் தண்ணீர் பாயும் வாழை என்றால் நான் யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். இலை கரும்பச்சையாக இருந்தால் அதுகூட வேண்டாம். பொட்டாஷை மட்டும் குறைக்கமாட்டேன்.

ஒரு முறை உரக்கடையில் வீட்டு வாழைக்கு என்று கேட்டபோது '17:17:17 கொண்டு போங்க, எல்லாம் இதிலே இருக்கு' என்று, மூன்று சத்தும் நூற்றுக்கு 17 வீதம் உள்ள கலப்பு உரத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். எல்லாம் இருக்கிறதுதான். ஆனால் அதை வைத்து 330 கிராம் சாம்பல் சத்து கொடுக்க ஒரு மூட்டுக்கு ஏறக்குறைய 2 கிலோ வேண்டும். அப்போது தழைச்சத்தும் 330 கிராம் போய்விடும், வேண்டியதுபோல மூன்று மடங்கு. மணிச்சத்தோ ஒன்பது மடங்குக்கு மேல். தழை மிஞ்சினால் தண்டு தண்ணியாக, இளசாக வளர்ந்து காற்றில் ஒடியும், பூச்சிக்கும் தோதாகும். அந்த வருடம் எனக்கு ரசகதலி இரண்டு மூடு ஒடிந்தது.

முதல் வேலை மண்

நம் மாவட்டத்தில் ஒரே மண் கிடையாது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளில் (மேட்டுத் தோட்டங்களில்) செம்மண்ணும் சரளையும். பல இடங்களில் அது அமில மண். இரண்டு பருவமழையும் அடித்துக் கழுவுவதால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் தங்குவதில்லை. குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரத்தில் மணல், போடுகிற உரம் அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். நாஞ்சில் நாட்டு வயல் மண் கனமானது, உரத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் தண்ணீர் கட்டினால் வேர் அழுகும்.

திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் மையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மண் பரிசோதனையை எங்கே செய்யலாம், எப்படி மண் எடுக்க வேண்டும் என்று அங்கே விசாரிக்கலாம். நாலு மூட்டுக்கு இது எதற்கு என்று தோன்றினால், செம்மண் விளைக்காரர்கள் சுண்ணாம்பையாவது விடாதீர்கள்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே அரை கிலோ நீற்றிய சுண்ணாம்பு அல்லது டோலமைட் தூளை மேல்மண்ணோடு கலந்து குழியில் போட்டு ஒரு மழையோ ஒரு குடம் தண்ணீரோ காட்டுங்கள். டோலமைட் கிடைத்தால் அதுதான் நல்லது, அதில் மக்னீசியமும் உண்டு. கடலோர மணலில் சிப்பித் துண்டு கிடந்தால் சுண்ணாம்பு வேண்டாம்.

சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். யூரியாவோடும் சேர்க்கக் கூடாது. அந்த மூக்கைத் துளைக்கும் நெடி என்னவென்றால் தழைச்சத்து காற்றோடு போகிற வாசம். சாம்பலுக்கும் இதே விதிதான். சாம்பல் ஒரு வாரம், யூரியா அடுத்த வாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நடவும் அடியுரமும்

கன்று ஈட்டி இலைக் கன்றாக இருக்கட்டும். அகல இலை விட்டு அழகாக நிற்கும் நீர்க்கன்று வேண்டாம், அதற்குக் கிழங்கில் பலம் இல்லை. நடும் அன்று மக்கிய சாணம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 250 கிராம் மேல்மண்ணோடு கலந்து குழியை நிரப்பி, கிழங்கு மூடும் அளவுக்கு நட்டு மிதித்துவிடுங்கள். வேப்பம் பிண்ணாக்கு உரத்துக்காக மட்டும் அல்ல, வேரைத் துளைக்கும் நூற்புழுவையும் அது கொஞ்சம் அடக்கும்.

பச்சைச் சாணம் கூடாது. கோழி எரு என்றால் ஆறப்போட்டு மக்கவைத்தது, அதுவும் சாணத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம், சூடு அதிகம்.

இங்கே ஒரு கேள்வி வரும். ரசாயன உரம் இல்லாமல் முடியாதா? முடியும், ஆனால் கணக்கு தெரிந்து செய்ய வேண்டும். நல்ல தொழு உரத்தில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் ஏறக்குறைய நூற்றுக்கு அரைப் பங்குதான். 10 கிலோ போட்டால் 50 கிராம் தழை, 50 கிராம் சாம்பல் சத்து. 20 கிலோ போட்டால் தழைக் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். சாம்பல் சத்தில் இன்னும் 230 கிராம் பாக்கி. விறகுச் சாம்பலில் மரத்துக்குத் தக்கபடி நூற்றுக்கு 3 முதல் 7 வரை இருக்கும். 5 என்று வைத்தால் ஒரு மூட்டுக்கு நாலரை கிலோ சாம்பல். விறகடுப்பு உள்ள வீட்டில் இது பெரிய காரியமே இல்லை. கேஸ் வீட்டுக்காரர் பக்கத்துச் செங்கல் சூளையிலோ, விறகில் சமைக்கும் சாப்பாட்டுக் கடையிலோ கேட்டு வாங்கலாம். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழத்தோலை ஊறவைத்த தண்ணீரை ஊற்றினால் குலை கனக்கும் என்று இப்போது வீடியோக்களில் நிறையச் சொல்கிறார்கள். ஊற்றுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் நாலு பழத்தோலில் 330 கிராம் எங்கிருந்து வரும்?

எந்த மாதம், எவ்வளவு

நட்ட 3, 5, 7ஆம் மாதங்களில் மூன்று தவணை. இது பொதுவான சிபாரிசு. ஏத்தன் அல்லாத வாழைக்கு ஒவ்வொரு தவணைக்கும் யூரியா 80 கிராம், பொட்டாஷ் 185 கிராம். சூப்பர் பாஸ்பேட் 220 கிராம் முழுவதும் மூன்றாம் மாதத்திலேயே. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் கொஞ்சம் மழை குறைந்த, கனமான மண்ணுக்கு இது சரியாக வரும்.

மேற்கே, மழை கொட்டும் விளைகளிலும் கடலோர மணலிலும் நான் இதை ஆறாகப் பிரித்துவிடுவேன். இரண்டாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை, மாதா மாதம் யூரியா 40 கிராம், பொட்டாஷ் 90 கிராம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நேந்திரனுக்கு ஆறு தவணையாகத்தான் சொல்கிறார்கள், மழையும் மண்ணும் அதே மாதிரிதானே. வீட்டில் நாலு மூடு வைத்திருப்பவருக்கு மாதம் ஒரு தடவை போய்க் குனிவது ஒரு வேலையா?

ஏழாம் மாதத்தோடு ஏன் முடிக்கச் சொல்கிறார்கள்? குலையில் எத்தனை சீப்பு என்பது குலை வெளியே தெரியும் நாளில் முடிவாவதில்லை. ஐந்தாம் மாதத்தை ஒட்டியே தண்டுக்குள்ளே பூ உருவாகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் வாழை பட்டினி கிடந்தால் சீப்பு குறையும். குலை தள்ளியபிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஒரு சீப்பு கூடாது, இருக்கிற காய் கொஞ்சம் தடிக்கலாம், அவ்வளவுதான். செவ்வாழை ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும், ஆகவே அதற்கு ஒன்பதாம் மாதம் வாக்கில் இன்னொரு தவணை பொட்டாஷ் சேர்த்துக் கொடுக்கலாம்.

எடை போடுவது பற்றி ஒரு வார்த்தை. 'ஒரு கைப்பிடி' என்பது என் கைக்கு ஒன்று, என் மகன் கைக்கு வேறு. மளிகைக் கடைத் தராசில் ஒரே ஒரு முறை யூரியா 80 கிராம், பொட்டாஷ் 185 கிராம் நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கொட்டி, எதுவரை வருகிறது என்று மார்க்கர் பேனாவால் இரண்டு கோடு போட்டு வையுங்கள். கோடு தனித்தனியாகத்தான் வேண்டும், ஒரே டம்ளரில் யூரியாவைவிடப் பொட்டாஷ் கனம் கூடும். அந்த டம்ளரை உரச் சாக்கின் உள்ளேயே போட்டுக் கட்டிவிட்டால் அடுத்த தவணைக்குத் தேட வேண்டாம். யூரியா மூட்டை 45 கிலோ, நாலு மூட்டுக்கு அது ஏழு தலைமுறைக்கு வரும். நாலைந்து வீட்டார் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வது நல்லது.

எங்கே போடுவது

தண்டை ஒட்டிப் போடாதீர்கள். நான் முதன்முதலில் செய்தது அதுதான். மூட்டில் குவியலாக யூரியாவைப் போட்டு, வெயில் நாளில் தண்ணீரும் சரியாகக் காட்டவில்லை. நாலாம் நாள் இலை ஓரம் எல்லாம் தீய்ந்து நின்றது.

சின்னக் கன்றுக்கு ஒரு அடி தள்ளி, வளர்ந்த வாழைக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி வட்டமாகத் தடம் எடுங்கள். ஆழம் மூன்று விரல் போதும். வாழையின் வேர் பெரும்பாலும் மேல் ஒரு அடிக்குள்ளேயே படர்கிறது. மண்வெட்டியை ஓங்கிக் கொத்தினால் வேர் அறுந்து, வாடல் நோய்க் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. மட்டி, ரசகதலி வகைகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். சரிவான விளை என்றால் முழு வட்டம் வேண்டாம், மேட்டுப் பக்கம் அரை வட்டமாகப் போட்டால் தண்ணீர் அதை மூட்டுக்குக் கொண்டு வரும்.

உரத்தைத் தூவி, மண்ணால் மூடி, மேலே சப்பு சவறு (காய்ந்த இலை தழை) பரப்பி, தண்ணீர் விடுங்கள். மண் ஏற்கெனவே ஈரமாக இருப்பது முக்கியம்.

மழைக் காலத்தில் நாள் பார்க்க வேண்டும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, அடித்து ஊற்றும் வாரத்தில் உரம் போட்டால் அது உங்கள் வாழைக்கு இல்லை, கீழே உள்ள குளத்துக்கு. மழை இடைவெளி விட்டு இரண்டு நாள் வெயில் கண்டதும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் அப்படியே. பத்து நாள் தள்ளிப் போனால் வாழை கோபித்துக்கொள்ளாது.

கிணற்றில் உப்பு ஏறிய கடலோர வீடுகளில் சிவப்பு பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடலாம். விலை கூடுதல், ஆனால் குளோரைடு சேராது. வாஷிங் மெஷின் தண்ணீரை வாழைக்கு விடுபவர்கள் அந்தக் குழாயைத் திருப்பிவிடுங்கள். சோப்புத் தூளின் உப்பு மண்ணை இறுக்கிவிடும். அரிசி, மீன் கழுவிய தண்ணீர் மட்டும் போதும்.

இதற்கிடையில் பக்கக் கன்று. வீட்டு வாழை என்றால் ஏழெட்டுக் கன்று சுற்றி நிற்பதுதான் வழக்கம், பார்க்கக் குடும்பம் போல இருக்கும். நீங்கள் அளந்து வைத்த உரத்தை அத்தனையும் பங்கு போடும். மாதம் ஒரு முறை தரைமட்டத்தில் அறுத்துவிடுங்கள். தாய் குலை தள்ளியபிறகு ஒரே ஒரு ஈட்டிக் கன்றை மட்டும் விட்டால் போதும்.

இலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

அடி இலைகள் ஓரத்திலிருந்து ஆரஞ்சு மஞ்சளாக மாறி, காய்ந்து, நடு நரம்பு மடங்கித் தொங்கினால் சாம்பல் சத்துக் குறைவு. ஓடை வாழையில் நான் அதிகம் காண்பது இதைத்தான். பலர் இதை வயதாகி உதிரும் இலை என்று விட்டுவிடுகிறார்கள். குலை தள்ளும்போது மேலே பத்துப் பன்னிரண்டு நல்ல இலை இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். (பந்திக்கு இலை அறுத்தே அந்தக் கதிக்குக் கொண்டுவந்திருந்தால் உரத்தைக் குறை சொல்ல முடியாது.)

செடி முழுவதும் வெளிறி, இலைக் காம்பு இளஞ்சிவப்பாக, இலை சிறுத்து வந்தால் தழைச்சத்து போதவில்லை. ஓடை இல்லாத, மேட்டு விளை வாழையில் இது வரும்.

இலையின் ஓரமும் நடு நரம்பை ஒட்டிய பகுதியும் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகப் போனால் மக்னீசியம். நான் சொல்வதைக் கேட்டுப் பொட்டாஷை அள்ளிப் போடுபவர்களுக்கு இது ஒரு எச்சரிக்கை. சாம்பல் சத்து மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுக்காது. நம் செம்மண்ணில் அது முதலிலேயே குறைவு. நான் மூட்டுக்கு 50 கிராம் மக்னீசியம் சல்பேட்டை நாலாம் மாதத்தில் ஒரு முறை தடத்தில் போடுகிறேன். டோலமைட் போட்ட குழிக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை.

புது இலை குறுகிக் கூராக வந்தால் துத்தநாகம். இலை நெளிந்து, அடிப்பக்கம் நரம்புக்குக் குறுக்கே கோடு விழுந்தால் போரான். இவற்றுக்கெல்லாம் தனித்தனியாக அலைய வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் துத்தநாக சல்பேட் 5 கிராம், இரும்பு சல்பேட் 2 கிராம், தாமிர சல்பேட் 2 கிராம், போரிக் அமிலம் 1 கிராம் என்ற அளவில் கரைத்து 3, 5, 7ஆம் மாதங்களில் இலையில் தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். வாழை இலை மெழுகு பூசின மாதிரி, தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், கொஞ்சம் ஒட்டும் திரவம் சேர்க்க வேண்டும். நிறுத்துக் கலக்கச் சோம்பல் என்றால், திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் 'பனானா சக்தி' என்ற நுண்சத்துக் கலவை பாக்கெட்டாக உண்டு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் தெளித்தால் வேலை முடிந்தது.

குலை வந்தபிறகு ஒரு சாணப் பை

சீப்பு கூடாது என்று சொன்னேன், காய் தடிக்க வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

கடைசிச் சீப்பும் விரிந்து, அதற்குக் கீழே ஆண் பூ மட்டும் உதிரத் தொடங்கும்போது, காலையில் கூம்பை (வாழைப்பூவை) அறுத்துவிடுங்கள். கடைசிச் சீப்புக்குக் கீழே அரை அடிக் காம்பு மிச்சம் இருக்கட்டும். கூம்பு அன்றைக்குத் துவரனுக்கு (பொரியலுக்கு) ஆகும். அரை கிலோ பச்சைச் சாணம், அதில் யூரியா ஏழரை கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் ஏழரை கிராம் இரண்டையும் 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பிசையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு, வெட்டிய காம்பு முனை சாணத்துக்குள் நன்றாக முங்கும்படி நுழைத்து, வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். குலை வெட்டும்வரை அப்படியே கிடக்கட்டும். காம்பு அந்தச் சத்தை உறிஞ்சிக் காய்க்கு அனுப்பும். அடியுரத்துக்குப் பச்சைச் சாணம் கூடாது என்றேன், இங்கே பச்சையாகத்தான் வேண்டும்.

முதல் முறை கட்டியபோது பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாகப் பார்த்துவிட்டு, 'இது என்ன மக்கா, வாழைக்கு குளுக்கோஸ் ஏத்துறியா?' என்றார். அந்தப் பாளையங்கோடன் குலையில் கடைசிச் சீப்பும் மேல் சீப்பு மாதிரியே உருண்டு வந்தது. வழக்கமாக அந்தக் கடைசிச் சீப்பை நாங்கள் ஆட்டுக்குப் போடுவோம். அடுத்த மாதம் அக்கா வீட்டு வாழையிலும் ஒரு பை தொங்கியது.

கனத்த குலைக்கு முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். பொட்டாஷ் தண்டுக்குப் பலம் தரும் என்பது உண்மைதான். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது உரம் வைத்த வாழை, வைக்காத வாழை என்று அது வித்தியாசம் பார்க்கவில்லை.

வெட்டியபிறகு

குலையை வெட்டியதும் தண்டைத் தூக்கி மதிலுக்கு வெளியே எறிவது நம் வழக்கம். வருடம் முழுக்க நீங்கள் போட்ட பொட்டாஷில் பெரிய பங்கு அந்தத் தண்டிலும் இலையிலும்தான் நிற்கிறது. தண்டைப் பாதி உயரத்தில் அறுத்து விடுங்கள், அடிப்பாகம் ஒன்றிரண்டு மாதம் நின்று தன்னிடம் உள்ளதைக் கன்றுக்கு இறக்கும். அறுத்த மேல்பாகத்தை நீளவாக்கில் பிளந்து, சின்னத் துண்டாக நறுக்கி, வெயில் படும்படி கன்றைச் சுற்றிப் பரப்புங்கள். முழுத் தண்டாகப் போட்டால் கூன்வண்டு அதில் குடித்தனம் வைத்துவிடும். வாடல் நோயில் பட்ட வாழை என்றால் ஒரு துண்டுகூட அங்கே போடக் கூடாது, கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள், அந்தக் குழியில் மறுபடி மட்டியோ ரசகதலியோ வேண்டாம்.

கன்றின் கணக்கு தாயை வெட்டிய நாளில் தொடங்குகிறது. தடத்தைக் கன்றை மையமாக வைத்துப் புதிதாக எடுத்து, பத்துக் கிலோ சாணம் போட்டு மண் அணைத்து, இரண்டு வாரம் கழித்து டம்ளரை எடுங்கள்.